விலையாவணமும் விற்பவன் கடமையும்



வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை போர்களும் முடிசூட்டு விழாக்களுமே. ஆனால் ஒரு குடும்பத்தின் வாழ்வைத் தாங்கி நிற்பவை வீடும் நிலமும் அல்லவா? அவை ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு எவ்வாறு மாறின, மாறும்பொழுது என்னென்ன எழுதிக் கொடுக்கப்பட்டன என்பதும் வரலாறுதான். அரசன் வென்ற நாட்டைக் காட்டிலும், பாட்டன் வாங்கிய மனையின் பத்திரமே ஒரு வீட்டுக்கு நெருங்கிய வரலாறாகும். வீட்டையோ நிலத்தையோ விற்பவன், வாங்குபவனுக்கு எவற்றைச் சொல்லவும் காட்டவும் கடமைப்பட்டவன் என்பதை உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் தொடங்கி இன்றைய பதிவு அலுவலகம் வரையில் இப்பேச்சில் ஆராய விரும்புகிறேன்.

காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரை அறியாத வரலாற்று மாணவர் இரார். பல்லவர் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக விளங்கிய இவ்வூரின் வைகுண்டப்பெருமாள் கோயில் மண்டபத்திலே, முதற் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டிலும் 14-ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி. பி. 919-லும் 921-லும், ஊர்ச்சபை செய்த ஏற்பாடுகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கல்வெட்டுத் துறையினர் 1898-ஆம் ஆண்டிற் படியெடுத்தனர். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையிற் பெயரெழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்த குடவோலை முறையை நீங்கள் பாடநூலிற் படித்திருப்பீர்கள்.

அந்த ஏற்பாட்டில் உறுப்பினர்க்குரிய தகுதிகளைக் கூறும் பகுதியைச் சற்றே நின்று படிக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் உடையவராதல் வேண்டும். தமக்கே உரிய மனையிலே வீடு கட்டிக் குடியிருப்பவராதல் வேண்டும். 919-ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி வயது 30-க்கு மேல் 60-க்குள் என்றும், 921-ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி 35-க்கு மேல் 70-க்குள் என்றும் இருத்தல் வேண்டும். முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரும், பிறர் பொருளைக் கவர்ந்தவரும் விலக்கப்பட்டனர்.

இங்கே ஒரு வினா எழுகிறது. இன்னார் குடியிருக்கும் மனை அவருக்கே உரியது என்பதைச் சபை எவ்வாறு அறிந்தது? அவர் கையில் உள்ள நிலம் கால் வேலிக்கு மேற்பட்டதா, அதற்கு வரி செலுத்தப்படுகிறதா என்பதை யார் சொன்னார்? நிலத்துக்கும் மனைக்கும் ஒழுங்கான கணக்கு இல்லாத ஊரில் இத்தகைய விதியை நடைமுறைப்படுத்தவே இயலாது. ஆகவே, குடவோலை முறைக்குப் பின்னால் ஓர் ஆவண முறையும் உயிரோடு இருந்தது என்று கொள்வது பொருந்தும். தேர்தலைப் பற்றிப் பேசும் நாம் அந்த ஓலைக் கட்டுகளை மறந்துவிடுகிறோம்.

ஓலைகள் அழிந்தன, எனினும் கோயிற் சுவர்களிற் பொறித்தவை எஞ்சியுள்ளன. சோழர் காலத்துச் சபைகள் கோயிலுக்கோ அறத்துக்கோ நிலம் விற்றபோது எழுதிய விலையாவணங்கள் தமிழகமெங்கும் கிடைக்கின்றன. அவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. முதலில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் வரும். அடுத்து விற்பவர் யார், கொள்பவர் யார் என்பது வரும். பின்னர், ‘விற்றுக் கொடுத்த பரிசாவது’ என்று தொடங்கி, நிலத்தின் நான்கெல்லைகள் கூறப்படும். கீழ்பாற்கெல்லை இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, தென்பாற்கெல்லை இன்னார் நிலத்துக்கு வடக்கு என்று நான்கு திசையும் முறையாகச் சுட்டப்பெறும்.

எல்லை கூறியதோடு எழுதுபவர் அமைதியடைவதில்லை. இந்நான்கெல்லைக்குள் அகப்பட்ட நிலத்தை, ‘உண்ணிலம் ஒழிவின்றி’ விற்றோம் என்பர். நடுவிலே உள்ள ஒரு துண்டு என்னுடையது, அதை நான் விற்கவில்லை என்று பிற்காலத்தில் ஒருவன் வாதாடினால் என்ன செய்வது? அவ்வாதத்துக்கு இடமே இல்லாதபடி அச்சிறு தொடர் அடைத்துவிடுகிறது. மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும் விற்பனையில் அடங்கும் என்பர். உடும்பு ஓடிய இடமும் ஆமை தவழ்ந்த இடமும் அடங்கும் என்றுகூடச் சில சாசனங்கள் கூறும். உடும்பு ஓடுவது மேட்டு நிலம். ஆமை தவழ்வது ஈர நிலம். மேடும் பள்ளமும் ஒன்றும் விடாமல் என்பதை ஊரார் கண்டறிந்த உயிர்களைக் கொண்டே உணர்த்திவிட்டார்கள்.

அடுத்து விலை. தங்களுக்குள் இசைந்த விலைப்பொருள் இவ்வளவு என்றும், அதனை முழுதும் கைக்கொண்டோம் என்றும் விற்பவர் ஒப்புக்கொள்வர். ஆவணக்களரி என்ற சொல் இவ்விடத்தில் வழங்குகிறது. ஆவணங்களை எழுதி உறுதிப்படுத்தும் இடம் என்று அறிஞர் அதற்குப் பொருள் கொள்வர். பணம் கைமாறியது நாலு பேர் அறியாத மூலையில் அன்று என்பதற்கு அது சான்று. விலைக்கு அற விற்றுப் பொருள் அறக் கொண்டோம் என்பதும், இதுவே விலையாவணமும் முழுத்தொகை பெற்றதற்கான ஓலையும் ஆகும், இதுவன்றி வேறோர் ஓலை காட்டக் கடவதன்று என்பதும் இறுதியில் வரும். இன்னொருவருக்கு இதே நிலத்தை எழுதிக் கொடுத்து ஏமாற்றும் வழியை இவ்வாறு அடைத்தனர்.

கையொப்பமிடும் முறையும் குறிப்பிடத்தக்கது. ‘இவை என் எழுத்து’ என்று ஒவ்வொருவரும் எழுதுவர். எழுத அறியாதவர் ஒரு குறி இடுவர். அது தற்குறி எனப்பட்டது. அக்குறி இன்னாருடையதே என்று எழுத அறிந்த மற்றொருவர் சான்று எழுதுவார். தற்குறி என்னும் சொல் எழுத்தறியாதவரையே குறிக்கும் வசைச் சொல்லாகப் பிற்காலத்தில் மாறிவிட்டது. எழுத்தறியாதவரின் இசைவும் ஒரு சான்று பெற்றே ஆவணத்தில் ஏறவேண்டும் என்ற நல்லொழுங்கிலிருந்து பிறந்த சொல் இவ்வாறு இழிந்தது வருந்தத்தக்கது.

எல்லையை ஏட்டில் எழுதினால் மட்டும் போதுமா? நிலத்திலும் காட்ட வேண்டும். முதல் இராசராசன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தி லெய்டன் செப்பேடுகள் என வழங்கும் செப்பேடுகளில் உள்ளது. அது விற்பனை அன்று, கொடை. எனினும் எல்லையை உறுதி செய்த முறையை அது தெளிவாகச் சொல்லுகிறது. அதிகாரிகளும் அயலூராரும் உடனிருக்க, பெண் யானை ஒன்றை எல்லையைச் சூழ்ந்து நடத்தி, அவ்வழியே கல்லும் கள்ளியும் நாட்டினர். கல் நிலைத்து நிற்கும். கள்ளியோ ஆடு மாடு தின்னாமல் தானே வளர்ந்து வேலியாகும். இவற்றுக்கெல்லாம் மேலாக, யானை நடந்த வழியைக் கண்ட சிறுவர் முதுமை எய்தும் வரையில் அதனை மறவார். சாட்சிகளை உண்டாக்கும் வழி அது.

விற்கும் நிலத்தின்மேல் வரிநிலுவை உண்டா என்பது அன்றும் பெரிய வினாவே. காஞ்சிபுரத்துக்கும் வந்தவாசிக்கும் இடைப்பட்ட உக்கல் என்னும் ஊரிலே இராசராசனின் 24-ஆம் ஆட்சியாண்டு ஆணை ஒன்று காணப்படுகிறது. குறித்த சில வகை ஊர்களில், முழுமையாக இரண்டு ஆண்டுகள் இறை செலுத்தாதவருடைய நிலத்தை ஊராரே விற்றுக்கொள்ளலாம் என்பது அதன் கருத்து. இத்தகைய காலத்தில், நிலத்தின்மேல் உள்ள நிலுவையை மறைத்து ஒருவன் விற்றால் வாங்கியவனுடைய கதி என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவேதான் வரி யாரைச் சாரும் என்பதையும் பல ஆவணங்கள் வெளிப்படையாகச் சொல்லுகின்றன.

ஆவணத்தை எவ்வாறு சோதித்தனர் என்பதற்குக் கல்வெட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை; இலக்கியமே கூறும். காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரிய புராணத்திலே சுந்தரர் வரலாறு உள்ளது. திருமண வேளையில் முதியவர் ஒருவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இதோ என்கிறார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் செல்கிறது. அங்கே ஆட்சி, ஆவணம், காட்சி என்னும் மூன்றில் ஒன்றைக் கொண்டு நிறுவுமாறு கேட்கின்றனர். ஆட்சி என்பது வழிவழி அனுபவம். காட்சி என்பது கண்ட சாட்சி. கிழிக்கப்பட்டது படியோலை என்றும் மூல ஓலை தம்மிடம் உள்ளது என்றும் முதியவர் காட்டுகிறார். சபையார் அதனைப் படிப்பித்து, சாட்சிகளின் எழுத்தைச் சோதித்து, பாட்டனார் எழுதிக் காப்பில் இருந்த வேறோர் ஓலையை வருவித்து இரண்டின் எழுத்தையும் ஒப்பிட்ட பிறகே தீர்ப்புச் சொல்லுகின்றனர். பக்திக் கதை என்று நாம் போற்றும் அப்பகுதியில், மூலம், படி, சாட்சி, காப்பகம், கையெழுத்து ஒப்பீடு ஆகிய ஐந்தும் அடங்கியிருக்கின்றன. சேக்கிழார் காலத்து மக்களுக்கு இவை பழகிய செய்திகளாக இல்லாதிருந்தால் கதை அவர்கள் உள்ளத்திற் பதிந்திராது.

இவ்வளவு சொன்ன நான் ஒன்றை மறைத்தல் முறையன்று. அக்கால ஆவணங்கள் எல்லார்க்கும் துணை நின்றவை அல்ல. உத்திரமேரூர்ச் சபை நிலமுடைய வேதியர் சபை. நிலத்தை உழுதவர்க்கும், ஊருக்குப் புறத்தே குடிசையில் வாழ்ந்தவர்க்கும் அச்சபையில் இடமில்லை. வாரியத்திலே பெண்டிர்க்கும் இடமில்லை. நான்கெல்லை கூறும் ஆவணங்களில் பலருடைய குடியிருப்பு, பிறருடைய நிலத்துக்கு எல்லையாக மட்டுமே தோன்றுகிறது. ஆவணம் உடையவன் உரிமை உடையவன் என்றால், ஆவணம் இல்லாதவன் என்ன ஆவான்? இவ்வினா இன்றும் தீர்ந்துவிடவில்லை.

நூற்றாண்டுகள் பல கடந்து கும்பினியார் காலத்துக்கு வருவோம். செங்கற்பட்டுச் சீமையின் மிராசு உரிமையைப் பற்றி எல்லிஸ் என்னும் ஆங்கில அதிகாரி எழுதிய நூல் 1818-இல் வெளிவந்தது. அக்காலத்துக் கிரயச் சாசனங்களில் நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம் முதலான அஷ்டபோகங்கள் கூறப்பட்டன. நிதி என்பது புதையல், நிட்சேபம் புதைத்துவைத்த வைப்பு, ஜலம் நீர், பாஷாணம் கல். உண்ணிலம் ஒழிவின்றி என்று தமிழிற் சொன்னதையே இச்சொற்கள் வடமொழியில் விரித்தன. உங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். அஷ்டபோகமும், புத்திர பௌத்திர பாரம்பரியமும், தான விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் என்ற தொடரும் காணப்படலாம். தானம் கொடுக்கவும், மாற்றிக் கொள்ளவும், விற்கவும் உரிமையோடு என்பது அதன் பொருள். பொருளறியாமல் கையெழுத்திட்டவர் எத்தனை பேர்!

பத்திரங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்னும் ஏற்பாட்டுக்குச் சென்னை மாகாணத்தில் 1802-ஆம் ஆண்டின் 17-ஆம் ரெகுலேஷன் வழிகோலியது. பின்னர் 1864-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் வந்தது. இன்று நடைமுறையில் உள்ளது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். ஊர்ச்சபை கோயிற் சுவரில் வெட்டுவித்ததைச் சார்பதிவாளர் தம் புத்தகத்தில் ஏற்றுகிறார். அசையாச் சொத்துக்களைப் பற்றிய பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் ஏறும். அதற்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று ஆட்களின் பெயரைக் கொண்டது. மற்றொன்று சொத்தின் விவரத்தைக் கொண்டது. ஒரு சொத்தின்மேல் என்னென்ன விற்பனையும் அடமானமும் பதிவாயின என்று தேடித்தரும் வில்லங்கச் சான்றிதழ் இவ்வட்டவணைகளிலிருந்தே பிறக்கிறது. சொத்தை அடையாளங் காணும்படி விவரிக்காத பத்திரத்தை ஏற்கலாகாது என்கிறது இச்சட்டத்தின் 21-ஆம் பிரிவு. நகரத்து வீடாயின், தெருவின் எப்பக்கத்தில் உள்ளது, இப்பொழுது குடியிருப்பவர் யார், முன்பு குடியிருந்தவர் யார் என்று சொல்லவேண்டும். நான்கெல்லையின் மரபு சட்டத்தின் மொழியிலே தொடர்வதை இங்கே காண்கிறோம்.

நம் பொருளுக்கு உயிர்நிலையானது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்த பத்திரத்தின் மூலமே விற்கலாம் என்பது அதன் 54-ஆம் பிரிவு. அடுத்துள்ள 55-ஆம் பிரிவு விற்பவனின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. சொத்திலோ தன் உரிமையிலோ உள்ள முக்கியமான குறை விற்பவனுக்குத் தெரிந்து, வாங்குபவனுக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு அவன் கண்டுபிடிக்கவும் இயலாததாக இருந்தால், விற்பவன் அதனை வெளிப்படுத்த வேண்டும். வாங்குபவன் கேட்டால் தன்னிடம் உள்ள உரிமைப் பத்திரங்கள் யாவற்றையும் பார்வையிடக் கொடுக்க வேண்டும். சொத்தையும் உரிமையையும் பற்றிய வினாக்களுக்குத் தான் அறிந்த அளவில் விடை கூற வேண்டும். விற்பனை நாள் வரையில் உள்ள வரியைச் செலுத்த வேண்டும். குறையை மறைப்பதை அச்சட்டம் மோசடி என்றே கருதுகிறது.

வாங்குபவன் விழித்திருக்க வேண்டும் என்று உலகம் சொல்லும். அது உண்மையே. ஆனால் அந்தப் பழமொழியையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு விற்பவன் வாயை மூடியிருக்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. வீட்டின் சுவரில் மழைக்காலத்தில் நீர் கசிவதும், பின்கட்டுக் கிணற்றில் பங்காளிக்குப் பாதி உரிமை இருப்பதும் அவ்வீட்டில் வாழ்ந்தவனுக்கே தெரியும். தெரிந்தவன் சொல்வதுதானே நியாயம்?

வீட்டை விற்க முனைபவர் சேர்த்து வைக்க வேண்டிய தாள்கள் பல. அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டா. ஒவ்வொரு தாளும் ஒரு வினாவுக்கு விடை என்று நினைவிற் கொண்டால் போதும். இவ்வீடு உங்களுக்கு எவ்வாறு வந்தது? இதற்கு விடை தாய்ப்பத்திரமும் அதனைத் தொடர்ந்த பத்திரங்களும். இதன்மேல் வேறு எவருக்கேனும் பாத்தியதை உண்டா? இதற்கு விடை வில்லங்கச் சான்றிதழ். இது எங்கே, எவ்வளவு இருக்கிறது? இதற்குப் பட்டாவும் புல வரைபடமும் விடை கூறும். வரி நிலுவை உண்டா? ரசீதுகளைக் காட்டுக. முன்னோர் இறந்தபின் வந்த சொத்தாயின், உங்களோடு உரிமையுடையவர் எவரெவர்? இதற்கு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும்.

கிராமத்து வீடுகளுக்குத் தனிச் சிக்கல் ஒன்றுண்டு. அவற்றுள் பல, நத்தம் என்னும் குடியிருப்பு நிலத்தில் உள்ளவை. நத்தத்து மனைகளுக்கு நெடுங்காலம் தனித்தனிப் பட்டா கிடையாது. பாட்டன் இருந்தார், தந்தை இருந்தார், நான் இருக்கிறேன் என்பதே உரிமை. சேக்கிழார் ஆட்சி என்றாரே, அது தான் இது. கர்ணமும் மணியக்காரரும் வழிவழியாகக் கணக்குப் பார்த்த காலத்தில் எது யாருடைய மனை என்பது அவர்கள் நினைவிலும் இருந்தது. தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் அப்பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் முறை வந்தது. 1980-களின் பிற்பகுதியில் தொடங்கிய நத்தம் நிலவரித் திட்டத்தின் வழியாக நத்தத்து வீடுகளும் அளக்கப்பட்டுப் பட்டா பெறலாயின. ஆவணம் இன்றி வாழ்ந்த பல ஏழைக் குடும்பங்களின் கைக்கு, தம் வீட்டைக் குறித்த முதல் தாள் அப்பொழுதுதான் வந்து சேர்ந்தது.

தாள்கள் இருந்தும் உண்மை மறைந்தால் என்ன நேரும் என்பதற்கு நான் அறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். என்னிடம் பயின்ற ஒருவர் பல ஆண்டுகள் வெளியூரில் உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு பக்கத்துச் சிற்றூரில் ஒரு வீடு வாங்கினார். விற்றவர்கள் அண்ணன் தம்பி இருவர். வீடு அவர்களுடைய காலஞ்சென்ற தந்தையார் தம் சம்பாத்தியத்தில் கட்டியது. தாயாரும் முன்பே மறைந்துவிட்டார். பத்திரம் இருந்தது, வில்லங்கச் சான்றில் குறை ஒன்றும் இல்லை, வரி ரசீதும் இருந்தது. வாரிசுச் சான்று பின்னர் வரும் என்றார்கள். வீடு வாங்கி இரண்டாம் ஆண்டில், மணமாகி வேற்றூரில் வாழ்ந்த அவர்களுடைய தங்கை வந்து நின்றாள். அவளைக் கேட்கவும் இல்லை, அவளிடம் சொல்லவும் இல்லை.

அவள் கேட்டது தவறா? இல்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொந்தச் சொத்தில் மகனோடு மகளுக்கும் சமபங்கு உண்டு. பரம்பரைச் சொத்திலும் பெண்ணுக்குச் சம உரிமை தரும் திருத்தத்தை 1989-இல் தமிழ்நாடு செய்தது. 2005-இல் அது இந்தியா முழுமைக்குமான சட்டமாயிற்று. சில ஆண்டு வழக்காடிய பிறகு, மூன்றில் ஒரு பங்கின் விலையை என் மாணவரே அப்பெண்ணுக்குக் கொடுத்து விடுதலைப் பத்திரம் பெற்றார். அதற்காக அவர் மனைவியின் நகைகள் விற்கப்பட்டன. அண்ணன் தம்பியரோ பெற்ற பணத்தை முன்பே செலவழித்துவிட்டார்கள். வில்லங்கமும் இல்லை, வந்தால் நாங்களே முன்னின்று எங்கள் செலவில் தீர்த்துக் கொடுப்போம் என்று அவர்கள் கையெழுத்திட்ட வரி பத்திரத்தில் அழகாக இருந்தது!

இந்நிகழ்ச்சி கற்பிப்பது யாது? வில்லங்கச் சான்று பதிவானவற்றை மட்டுமே காட்டும். பதிவாகாத உறவை, பதிவாகாத வாக்கை, எழுதாமல் விட்ட ஒரு பெண்ணின் பெயரை அது காட்டாது. பதிவு அலுவலகம் பத்திரத்தைப் பதிகிறதேயன்றி, விற்பவனுடைய உரிமைக்கு அரசு பிணை நிற்பதில்லை. தென் ஆஸ்திரேலியாவில் 1858-ஆம் ஆண்டு டாரன்ஸ் என்பவர் முயற்சியால் பிறந்த முறை வேறு. அங்கே அரசுப் பதிவேட்டில் உள்ள பெயரே உரிமைக்கு உறுதி. நம் நாட்டு முறையிலோ பத்திரங்களின் சங்கிலியை வாங்குபவனே கண்ணி கண்ணியாகப் பார்த்துச் செல்லவேண்டும். ஆகையால் விற்பவன் நேர்மை இங்கே இருமடங்கு தேவைப்படுகிறது.

பிற நாடுகளும் இக்கடமையை எவ்வாறு வகுப்பது என்று முயன்று பார்த்திருக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 ஆகஸ்டு முதல், வீட்டை விற்பனைக்கு வைப்பவர் உரிமைச் சான்று முதலானவற்றைத் தொகுத்த ஒரு தகவல் கட்டினைத் தம் செலவில் ஆயத்தம் செய்ய வேண்டும் என்று விதித்தனர். செலவும் தாமதமும் மிகுதி என்ற குறைகூறல் எழுந்தது. 2010 மே மாதம் புதிய அரசு அதனை நிறுத்திவிட்டது. ஸ்காட்லாந்திலோ 2008 டிசம்பரில் தொடங்கிய வீட்டு அறிக்கை முறை, வீட்டின் நிலையை அளவையாளர் ஒருவர் ஆராய்ந்து எழுதுவதையும் சேர்த்து, தொடர்ந்து நடைபெறுகிறது. ஒரே தீவில் ஓரிடத்தில் நின்றது, மற்றோரிடத்தில் விழுந்தது. தாள்களைக் கூட்டினால் மட்டும் நம்பிக்கை கூடிவிடாது. வாங்குபவனுக்கு உண்மையிற் பயன்படும் செய்தி அதில் இருக்கவேண்டும் என்பதே இதனால் நாம் அறிவது.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் உங்கள் குடும்பத்தில் உயர்கல்வி பெறும் முதல் தலைமுறையினர். உங்கள் பெற்றோர் பெட்டியில் வைத்திருக்கும் பத்திரத்தின் மொழி அவர்களுக்கு விளங்காமல் இருக்கலாம். விடுமுறையில் ஒரு நாள் அவர்கள் இசைவோடு அதனை எடுத்து உரக்கப் படியுங்கள். நான்கெல்லையைப் படித்து, வாசலில் இறங்கி நின்று ஒவ்வொரு திசையாகப் பாருங்கள். பத்திரத்தில் உள்ள பெயர் பட்டாவிலும் உள்ளதா, அளவு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். அத்தையின் பெயரும் சகோதரியின் பெயரும் வர வேண்டிய இடத்தில் வந்துள்ளனவா என்று கேளுங்கள். குறை இருந்தால், விற்கும் அவசரம் நேருமுன்பே திருத்திக்கொள்ளுங்கள். மகளின் திருமணம், மருத்துவச் செலவு, கடன் ஆகிய நெருக்கடி வந்த பிறகு தாள் தேடுபவன், கேட்ட விலைக்கு விற்க நேரும்.

என்றேனும் ஒரு நாள் நீங்கள் விற்பவராகவும் நிற்பீர்கள். அப்பொழுது கிணற்றுப் பங்கையும், சுவரின் கசிவையும், தங்கையின் உரிமையையும் நீங்களே முதலிற் சொல்லிவிடுங்கள். விலை சிறிது குறையலாம். ஆனால் வாங்கியவர் அவ்வீட்டில் அச்சமின்றி உறங்குவார். நீங்களும் அத்தெருவழியே தலைநிமிர்ந்து நடப்பீர்கள். உண்ணிலம் ஒழிவின்றி விற்றோம் என்று அன்று எழுதினார்கள். நிலத்தில் மட்டுமன்று, சொல்லும் செய்தியிலும் ஒன்றும் ஒழியாமல் சொல்வதே விற்பவன் கடமை.